மடியில் உட்காராத நாய்க்கு வீடு பார்த்த கதை

மிளகுக்கு வீடு கிடைத்துவிட்டது. செங்கல்பட்டில் ஒரு தனி வீடு, ஏற்கெனவே ஒரு வயசான நாய் இருக்கும் வீடு. விசாரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். கூடவே, கூச்சப்படும் நாய்க்கு இடம் தேடும்போது நான் கவனித்ததையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இந்த விஷயத்தில் நல்ல மனசோடு செய்கிற காரியங்களே பாதி நேரம் நாய்க்கு எதிராகப் போய்விடுகின்றன.

தெரியாதவர்களுக்காக: மிளகு கறுப்பு நிற நாட்டு நாய், பெண். பள்ளிக்கரணைப் பக்கம் பாதியில் நின்றுபோன ஒரு அபார்ட்மெண்ட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்த விட்டிருந்த இருட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தவள். வேலை நின்றதும் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். எப்போதாவது ஒரு வாட்ச்மேன் வந்து சோறு வைத்துவிட்டுப் போவாராம், அவ்வளவுதான் அவள் பார்த்த மனிதர்கள். மழையில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஏறியபோது, தெருநாய்களுக்குச் சாப்பாடு போடும் என் தோழி அவளை எப்படியோ பிடித்துத் தூக்கி வந்தாள். பல்லைப் பார்த்துவிட்டு டாக்டர் ஐந்து மாதம் இருக்கும் என்றார். தோழி வீட்டில் ஏற்கெனவே நாயும் பூனையுமாக இடமில்லை. "கொஞ்ச நாளைக்கு மட்டும்" என்று சொல்லி என் வீட்டில் விட்டாள். நிரந்தர வீடு கிடைக்கும் வரை நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்கிற ஃபாஸ்டர்களுக்கு அந்தக் கொஞ்ச நாளின் நீளம் தெரியும்.

வந்ததும் நேராகப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளிக்குள் போய்ச் செருகிக்கொண்டாள். பகலில் வெளியே வரவே மாட்டாள். விளக்கை அணைத்து எல்லோரும் படுத்த பிறகுதான் தட்டில் இருப்பது காலியாகும். யாராவது அந்த அறைக்குள் போனால் உதட்டை நக்குவாள், கொட்டாவி விடுவாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் ஓரத்தால் மட்டும் பார்ப்பாள். அந்தக் கொட்டாவியைப் பார்த்து "தூக்கம் வருது போல" என்று சிரித்தவர்கள் உண்டு. தூக்கமெல்லாம் இல்லை, கிட்டே வராதே என்று நாய் மரியாதையாகச் சொல்கிற விதம் அது. மரியாதையாகச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்றால் அடுத்து உறுமும், அதற்கும் அடுத்தது கடி.

வீட்டுக்கு வந்த எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே வசனம்தான் பேசினார்கள். "பாவம், யாரோ நல்லா அடிச்சிருக்காங்க." அடித்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயந்த நாய் என்றாலே அடிபட்ட நாய் என்று முடிவு கட்டுவது சரியில்லை. நாய்க்குட்டி பிறந்து சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைக்கும் எதையெல்லாம் சாதாரணமாகப் பார்க்கிறதோ அதெல்லாம் அதற்கு வாழ்க்கை முழுக்கச் சாதாரணம். அந்தக் காலத்தில் பார்க்காதது எல்லாம் சந்தேகத்துக்குரியது. அமெரிக்காவில் செய்து 1961-ல் வெளியிட்ட ஒரு பழைய ஆய்வு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. உயரமான வேலி போட்ட வயலில் குட்டிகளை மனித வாடையே படாமல் வளர்த்தார்கள். குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் வெளியே எடுத்துப் பழக்கினார்கள், சிலவற்றை மட்டும் எடுக்கவே இல்லை. பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகவே இல்லாத குட்டிகள் காட்டு விலங்கு மாதிரி ஆகிவிட்டன. அவற்றை யாரும் ஒரு அடிகூட அடிக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். மிளகுக்கும் யாரோ செய்த கொடுமையைவிட, யாருமே இல்லாமல் போனதுதான் பிரச்சினை என்று நான் நினைக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அடிபட்ட நாய் என்று நம்புகிறவர்கள் அன்பைக் கொட்டி அதைச் சரி செய்யப் பார்க்கிறார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, தலையைத் தடவி, "நான் இருக்கேன்டா" என்று பேசுகிறார்கள். பயந்த நாய்க்கு மேலிருந்து வரும் கையும் நேராகப் பார்க்கும் கண்ணும் மிரட்டல்தான். எங்கள் வீட்டில் இதைச் சரியாகச் செய்தது நாயே பிடிக்காத அம்மா. பீரோ இருக்கும் அறையில் தரையில் அமர்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீரை ஆய்வார், ஃபோனில் சித்தியிடம் பேசுவார், பீரோ பக்கம் திரும்பக்கூட மாட்டார். கொஞ்ச நாளில் மிளகு தவழ்ந்து தவழ்ந்து வந்து அம்மாவின் முந்தானையை மோந்து பார்த்துவிட்டு ஓடினாள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அம்மா சொன்னது: "நாய்க்கு ஒண்ணும் இல்லடா. நீதான் அதை விடாம பாத்துக்கிட்டே இருக்க." அப்புறம் நானும் பார்ப்பதை நிறுத்தினேன். போகிற வழியில் ஒரு ஈரல் துண்டைத் தரையில் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவேன். கையிலிருந்து வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தது வெகுநாள் கழித்து.

நடுவில் வைத்தியம். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல் இருந்தது, டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். தடுப்பூசிகள், வெறிநாய்க்கடிக்கான ஊசி, கடைசியாகக் கருத்தடை. கருத்தடை செய்யாத பெண் நாயைத் தத்துக் கொடுக்காதீர்கள், "நாங்க பாத்து பண்ணிக்கிறோம்" என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் பண்ணுவதில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்டார், சட்டப்படி கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயேதானே விட வேண்டும் என்று. ஆமாம், நாய்களின் கருத்தடை பற்றிய மத்திய அரசின் 2023 விதிகளும் அதற்கு முந்தைய 2001 விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, சரியான விதிதான். தன் தெருவில், தன் கூட்டத்தோடு, டீக்கடை பன்னோடு நிம்மதியாக இருக்கிற வளர்ந்த நாய் மனிதரிடம் கூச்சப்படுகிறது என்பதற்காக அதை வீட்டுக்குள் அடைப்பது உதவியே இல்லை. மிளகுக்குத் திரும்பிப் போக இடம் இல்லை, தாயும் இல்லை, அவள் இருந்த கீழ்த்தளத்தில் மறுபடி வேலை தொடங்கிவிட்டது. அதனால்தான் வீடு தேடினோம்.

தோழிதான் முதல் விளம்பரம் போட்டாள். மூலையில் ஒடுங்கிய புகைப்படம், அழுகிற எமோஜிப் பொம்மைகள், "இந்தக் குழந்தைக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள்". ஃபோன் நிறைய வந்தது, அது உண்மை. ஒருவருக்குத் தோப்புக் காவலுக்கு நாய் வேண்டும், "கட்டிப்போட்டா குரைக்குமா?" என்றார். ஒருவருக்குப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பரிசு. "லேப் மிக்ஸா?" என்று, லாப்ரடார் கலப்பா என்று, கேட்டவர்கள் ஏராளம், இல்லை என்றதும் லைன் கட். கறுப்பு வேண்டாம் என்றவர்கள், பெண் வேண்டாம் என்றவர்கள். அபார்ட்மெண்டில் அசோசியேஷன் நாய் வளர்க்க விடாது என்று பின்வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்படித் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ஆனால் லிஃப்டில் தினமும் முறைக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சுற்றறிக்கையைக் காட்டிக்கொண்டு வாழ முடியாதுதான்.

இவர்களையெல்லாம் மறுப்பது சுலபம். மறுக்கக் கஷ்டமாக இருந்தது ஒரு நல்ல குடும்பத்தை. மனைவி, கணவர், இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவது மாதிரி ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். அந்த அம்மாவுக்கு மிளகைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று துடித்தார். பிள்ளைகள் இரண்டும் பீரோ இடுக்குக்குள் டார்ச் அடித்தன. மிளகு இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டாள். அவர்கள் மேல் தப்பே இல்லை, விளம்பரம் அவர்களிடம் கேட்டது இரக்கம், அதை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற நாய் வேறு எங்கேயோ வாலை ஆட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், கொஞ்சம் கோபமாகத்தான் போனார்கள்.

அப்புறம் தோழியிடம் சொல்லிவிட்டு நான் ஒன்று எழுதினேன். பொம்மைகள் இல்லாமல். "மடியில் உட்கார மாட்டாள். கூப்பிட்டால் வர மாட்டாள். விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். காவலுக்கு உதவ மாட்டாள். பிரஷர் குக்கர் விசிலுக்குப் பயம், குடைக்குப் பயம். மற்ற நாய்களோடு நன்றாக இருப்பாள். இரவில், யாரும் பார்க்காதபோது, ஒரு பழைய சாக்ஸை வைத்துக்கொண்டு தனியாக விளையாடுவாள். சத்தமில்லாத வீடு, மூடிய கேட், முடிந்தால் இன்னொரு அமைதியான நாய் உள்ள வீடு வேண்டும்." புகைப்படமும் அந்த சாக்ஸோடு எடுத்ததுதான். "இப்படி எழுதினா யாருடா எடுப்பா?" என்று தோழி கத்தினாள். ஃபோன் வருவது ஏறக்குறைய நின்றுபோனது என்னவோ உண்மைதான்.

வந்த ஒன்றிரண்டில் ஒன்று செங்கல்பட்டிலிருந்து, வீட்டிலேயே துணி தைக்கிற ஒரு அக்கா. என்ன ஜாதி, என்ன நிறம் என்று எதுவும் கேட்கவில்லை. "தம்பி, அது எங்க படுக்கும்?" என்றார். மேலே ஏதாவது மூடின மாதிரி இருந்தால் பிடிக்கும் என்றேன். "துணி வெட்டுற மேஜை இருக்கு, அடியில காலியாத்தான் கிடக்கு" என்றார். எனக்கு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

மீதிப் பாதிக்கு நேரில் போய்ப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர் உயரம், கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து, பின்வாசல் யார் திறப்பார்கள் என்று துருவியதில் அவருக்கு எரிச்சல் வந்திருக்கலாம். ஆனால் பயந்த நாய் தொலைவது பெரும்பாலும் புது வீட்டுக்குப் போன முதல் சில நாட்களில்தான், தொலைந்தால் கூப்பிட்டாலும் வராது. கேட் சந்துக்குப் பலகை வைத்து அடிக்கச் சொன்னேன், அடித்தார். அவருடைய கிழட்டு நாயையும் மிளகையும் வீட்டுக்குள் வைத்து அறிமுகம் செய்யவில்லை. வெளியே தெருவில், நடுவில் நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடக்க விட்டோம். அந்தக் கிழம் மிளகைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மாவின் அதே டெக்னிக்.

கொடுக்கும்போது நான் கறாராகச் சொன்னவை இவ்வளவுதான். கழுத்துப் பெல்ட் மட்டும் போதாது, உடம்பைச் சுற்றிப் போடுகிற ஹார்னெஸும் சேர்த்து இரண்டிலும் கயிறு இருக்க வேண்டும், ஏனென்றால் பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், வராண்டாவில்கூடக் கயிறில்லாமல் விட வேண்டாம். அவள் படுத்திருந்த பெட்ஷீட்டைத் துவைக்காமல் கொடுத்தேன், அது துவைக்காமலே இருக்கட்டும். எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்றாலும், எத்தனை வருஷம் கழித்தானாலும், வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்குத் திருப்பித் தர வேண்டும், இதை மட்டும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நாய் எடுத்துப் பழகியவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாளில் மிரட்சி குறையும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது என் வீடு என்று ஆகும். மிளகுக்கு எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டுக் கூச்ச நாயைத் தத்தெடுக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், தீபாவளியை ஒட்டி வேண்டாம். புது வீட்டில் முதல் வாரமே வெடிச்சத்தம் என்றால் அத்தனை நாள் உழைப்பும் போகும். பொங்கலுக்கு அப்புறம் பாருங்கள்.

அக்காவிடமிருந்து வாரம் ஒரு ஃபோன் வருகிறது. ஆரம்பத்தில் தையல் மெஷின் ஓடினாலே நடுங்கினாளாம். இப்போது மெஷின் ஓடும்போதுதான் நன்றாகத் தூங்குகிறாளாம். கிழட்டு நாய் முன்னால் போனால் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போகிறாள், குடை பிடித்த ஆள் வந்தால் பாதியில் திரும்பிவிடுகிறாள். இத்தனை மாதம் ஆகியும் தடவ விடுவதில்லை, முதுகில் ஒரு விரல் வைக்க மட்டும் அனுமதி. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க யாராவது படியேறினால் உடனே மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். அதை நினைத்து அக்காவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று கேட்டேன். "அட விடு தம்பி, பாதி கஸ்டமரைப் பார்த்தா எனக்கே மேஜைக்கு அடியில போயிடலாம்னுதான் தோணுது" என்றார்.