போர்ட் பொருத்திய நாட்கள்

மார்ச் 4
கீமோ போர்ட் ஒன்றை, அதாவது புற்றுநோய் மருந்தை ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கலத்தை, இன்று கையின் வெளிப்பக்கமாக ஏறும் செபாலிக் சிரை வழியாகப் பொருத்தினேன். காறை எலும்புக்குக் கீழே டெல்டாய்டு தசையும் மார்புத் தசையும் சந்திக்கும் பள்ளத்தில் கொழுப்பை மெல்ல விலக்கியதும் சிரை நீலமாகத் தெரிந்தது. போர்ட்டிலிருந்து சிரைக்குள் போகும் மென்குழாயான கதிட்டரை, சிரையைக் கண்ணால் பார்த்தே நுழைப்பதால், நுரையீரலில் ஊசி பட்டு நெஞ்சுக்கூட்டில் காற்று புகும் அபாயம் இம்முறையில் அநேகமாக இல்லை. அதனாலேயே எனக்கு இதன் மீது தனிப் பற்று உண்டு.

மார்ச் 9
பற்று மட்டும் போதாது என்று இன்றைய நோயாளியின் சிரை உணர்த்தியது. அது நூலைப்போல மெலிந்திருந்ததால், வழிகாட்டிக் கம்பியை விட்டுப் பார்த்தும் கதிட்டர் நுழையவில்லை. மேலும் போராடாமல் வலது உட்கழுத்துச் சிரைக்கு மாறினேன். தலைப்பக்கத்தைத் தாழ்த்திச் சிரையைப் புடைக்கச் செய்து, அல்ட்ராசவுண்டில் ஊசிமுனையைப் பார்த்துக்கொண்டே குத்தி, 1953இல் ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் வெளியிட்ட முறைப்படி ஊசி வழியே கம்பியையும், கம்பியின் மேல் உறையையும், உறைக்குள் கதிட்டரையும் செலுத்தினேன். கதிட்டரின் முனை மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் நிற்க வேண்டும். படுத்திருக்கும்போது சரியாகத் தெரியும் முனை, எழுந்து நின்றதும் மார்புத் திசு கீழே இழுப்பதால் சற்று மேலேறிவிடும் என்பதால், அதற்கும் இடம்விட்டே நீளத்தை அளந்து வெட்டினேன்.

மார்ச் 12
வேறிடத்தில் போர்ட் பொருத்திக்கொண்ட ஒருவர் வந்தார். கையை உயர்த்தினால்தான் மருந்து இறங்குகிறது என்றார். எக்ஸ்ரேயில், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே கதிட்டர் நசுங்கியிருந்தது. காறையடிச் சிரையை நெஞ்செலும்புக்கு மிக அருகில் குத்தினால் இப்படி நேரும்; நாளடைவில் கதிட்டர் அறுந்து அதன் துண்டு இதயத்துக்குள் போகக்கூடும். தாமதிக்காமல் அகற்றினேன். அந்தச் சிரையைக் குத்தியே தீர வேண்டுமென்றால் வெளிப்புறமாகத் தள்ளிக் குத்துவதே சரி என்று பயிற்சி மருத்துவர்களிடம் படத்தைக் காட்டி விளக்கினேன்.

மார்ச் 17
இன்று முழுக் கவனமும் போர்ட்டை வைக்கத் தோலுக்கடியில் உண்டாக்கும் பையில். மருந்தேற்ற ஊசி குத்தும் இடமான போர்ட்டின் சிலிக்கோன் மூடிக்கு நேர்மேலே தையல் தழும்பு வரக்கூடாது. தோலுக்கடியில் மிக ஆழமாகப் போனால் செவிலியரின் விரலுக்கு மூடி தட்டுப்படாது, மிக மேலே இருந்தால் தோலை அரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். போர்ட் புரண்டுவிடாதிருக்க அடித்திசுவோடு இரண்டு தையல்கள் போட்டேன். தோலை மூடும் முன், சிலிக்கோனைச் சிதைக்காத ஹூபர் ஊசியால் போர்ட்டைக் குத்தி இழுத்தேன். இரத்தம் தடையின்றி வந்தது.

மார்ச் 24
9ஆம் தேதி நோயாளிக்கு முதல் மருந்து ஏற்றப்பட்டது. ஊசி ஒரே குத்தில் இறங்கியது. வீக்கமோ வலியோ இல்லை.