திருவாதிரை மங்கிய மார்கழி

2019 டிசம்பர் 22, ஞாயிறு

மார்கழி பிறந்து ஆறு நாள். விடிகாலை நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை தொடங்கிவிடுகிறது. அம்மாவும் கூடவே முணுமுணுத்தபடி கோலம் போட்டாள். எழுபத்து நாலு வயது, இடுப்பு வலி. ஆனாலும் மார்கழிக் கோலத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ராத்திரி சாப்பிட்டதும் மாடிக்குப் போனேன். திருவாதிரை மங்கிவருகிறது என்று வானியலாளர்கள் இந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்திருந்தார்கள். வெறுங்கண்ணுக்கே தெரியும் என்றதால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வரிசையாக நிற்கிற மூன்று நட்சத்திரங்களுக்கு இடப்பக்கம், அதே இடத்தில் இருந்தது. சிவப்பு அப்படியே இருக்கிறது, ஒளிதான் குறைந்துவிட்டது. மேலே ரோகிணி. எப்போதும் இந்த இரண்டில் திருவாதிரைதான் பளிச்சென்று இருக்கும். இன்று ரோகிணி முந்திவிட்டது. இருபது வருடமாகப் பார்க்கிற நட்சத்திரம். காய்ச்சல் வந்த குழந்தையின் முகத்தைப் பார்ப்பது போல இருந்தது.

சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் திருவாதிரையை வைத்தால் நம் பூமியும் செவ்வாயும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அவ்வளவு பெரியது. தூரம் 500 ஒளியாண்டுக்கும் மேல். 1605-இல் நம் திண்டுக்கல் மலைக்கோட்டை எழுவதற்கு முன்பே புறப்பட்ட ஒளி இன்றைக்குத்தான் என் மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மாவின் ஜென்ம நட்சத்திரம் திருவாதிரை. இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை.

2019 டிசம்பர் 26, வியாழன்

கங்கண சூரிய கிரகணம். வளையம் தெரிகிற பாதையில் திண்டுக்கல்லும் இருந்தது. எட்டு மணி தாண்டியதுமே அம்மா பாலிலும் தண்ணீரிலும் தர்ப்பையைப் போட்டுவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோயில் நடையும் சாத்தியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். அடி தட்டையாக இருக்கிற உலக்கை எந்த நாளும் நிற்கும், நாளைக்கும் நிறுத்திப் பாருங்கள் என்று சொன்னேன். சரி என்றார்கள். சண்டை ஒன்றும் இல்லை.

மாடியில் தெருப்பிள்ளைகள் பதினைந்து பேர், கிரகணக் கண்ணாடி நான்கு. ஒன்பதரை வாக்கில் வளையம் கூடியது. சுமார் மூன்று நிமிடம்தான். நிலா பூமியிலிருந்து தள்ளிப்போயிருக்கிற நாள் என்பதால் சூரியனை முழுசாக மறைக்க அதற்கு அளவு போதவில்லை. விளிம்பு மட்டும் மிஞ்சியது. என் முறை வந்ததும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் கீழே ஓடினேன். வேப்ப மரத்தடியில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, நூறு வளையல்களைக் கொட்டினாற்போல மண்ணெல்லாம் ஒளி வளையம்.

பின்கட்டு ஓட்டுக் கூரை. ஒரு ஓடு முனை உடைந்து மாதக்கணக்காகிறது, மாற்றச் சோம்பல். அந்த ஓட்டை வழியாக வெயில் சாய்வாக இறங்கி, அம்மாவின் தலைக்கு மேலே சுவரில் விழுந்திருந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. நடுவில் கருப்பு, சுற்றிலும் ஒளி. கிரகணத்தைப் பார்க்கக் கூடாதென்று உள்ளே வந்து உட்கார்ந்தவளைத் தேடிக் கிரகணமே வந்துவிட்டது.

“அம்மா, பின்னாடி பாரு.”

திரும்பிப் பார்த்தவள் பயப்படவில்லை. எழுந்து கிட்டப் போனாள். வளையத்தில் விரலை வைத்தாள், விரல்மேல் ஏறியது. அப்புறம் ஓட்டையிலிருந்து சுவர்வரை நீண்ட அந்தக் கதிரைப் பார்த்தாள். அதில் தூசி மிதந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றும் மினுங்கிக்கொண்டு.

“திருவண்டப் பகுதியில சொல்றாரே, இதத்தான்” என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்டங்கள் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கின்றன, பெரியோனுக்கு முன்னால் அவையெல்லாம் வீட்டுக்குள் நுழைகிற கதிரில் தெரியும் தூசியைப் போலச் சிறியவை என்கிறார் திருவாசகத்தில் மாணிக்கவாசகர். எத்தனையோ தடவை படித்த இடம். ஆனால் அந்தத் தூசியை நின்று பார்த்தது இன்றுதான்.

சூரியனும் நிலாவும் சிவனின் எட்டு வடிவங்களில் இரண்டு. அந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற நேரத்தில் நடையைச் சாத்தி வைத்திருந்தோம் என்பதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

2019 டிசம்பர் 29, ஞாயிறு

உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: அணுவையும் விரியும் பிரபஞ்சத்தையும் விஞ்ஞானிகளுக்கு முன்பே மாணிக்கவாசகர் கண்டுபிடித்துவிட்டார், பெருமையோடு பகிருங்கள் என்று. நான் பகிரவில்லை. மூன்று நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நூற்றொரு கோடி எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல. எண்ண முடியாமல் திகைத்து நின்றவர் வாயில் வந்த எண். விண்மீன் மண்டலங்கள் எத்தனை என்கிற இன்றைய கணக்கு நாளைக்கு மாறும். பாட்டை அந்தக் கணக்கோடு முடிச்சுப் போட்டால் கணக்கு மாறுகிற அன்றைக்குப் பாட்டும் விழும். வானத்துக்கு முன்னால் அவர் எப்படிச் சிறுத்துப்போனார் என்பதுதான் அந்தப் பாட்டில் எனக்குக் கிடைப்பது. அதை எந்தத் தொலைநோக்கியும் பொய்யாக்க முடியாது.

பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர் இதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதினார். எல்லாம் ஒரே ஆதி அணுவிலிருந்து வந்திருக்கலாம் என்று 1931-இல் எழுதினார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், ‘ஒளி உண்டாகட்டும்’ என்ற ஆதியாகம வார்த்தைக்கு விஞ்ஞானமே சாட்சி என்பதுபோலப் பேசினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர் லெமைத்ர். அவரோ சங்கடப்பட்டார். என் கோட்பாடு மத விவகாரத்துக்கு முற்றிலும் வெளியே நிற்பது, நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் அவரவர் வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அவர் நிலை. அதற்காகப் பூசை வைப்பதை அவர் நிறுத்தவும் இல்லை. 1966-இல் அவர் சாகக் கிடந்தபோது, ஆதி ஒளியின் மிச்சம் வானமெங்கும் பரவியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து சேர்ந்தது. அந்தக் கட்டிலருகே நின்றிருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

2020 ஜனவரி 10, வெள்ளி

ஆருத்ரா தரிசனம். விடிகாலை நாலு மணிக்கு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மேற்கே முழுநிலா. கொஞ்சம் தள்ளித் தாழ்வாகத் திருவாதிரை. மறைக்கத்தான் நினைத்திருந்தேன், அம்மாவே பார்த்துவிட்டாள்.

“ஏண்டி, இது ஏன் இப்படிச் சோந்து கெடக்கு?”

சொன்னேன். மங்குகிறது, ஏன் என்று யாருக்கும் இன்னும் பிடிபடவில்லை, வயதான நட்சத்திரம், என்றைக்காவது ஒருநாள் வெடிக்கும், நாளைக்கும் இருக்கலாம், ஒரு லட்சம் வருடமும் ஆகலாம். “வெடிச்சா?” நிலா மாதிரி பகலிலேயே தெரியும், நமக்கு ஆபத்தில்லை, அப்புறம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். “சரி, அதுவும் அவன் ஆட்டந்தானே” என்றாள். அவள் நட்சத்திரத்தைப் பற்றித்தான் பேசினோம்.

நடராசருக்கு அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டார்கள். அரை மணி நேரம் நின்றோம். கல் தரை ஈரம் பாதத்தில் ஏறியது. பால், சந்தனம், எண்ணெய்ப் புகை எல்லாம் கலந்த வாசனை. திரைக்குக் கீழே நாலு விரல் இடைவெளி. அதில் விளக்கின் வெளிச்சமும் குருக்களின் பாதங்களும் அசைந்துகொண்டிருந்தன. எல்லாரும் அந்த நாலு விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அடித்துத் திரை விலகியபோது அம்மாவுக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து களி கிண்டினோம். ஏழுகறிக் கூட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

2020 ஜனவரி 19, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில் கணக்கு சார் கேட்டார்: “டீச்சர், இருக்கிற பிரபஞ்சத்துக்கே சாமின்னு பேர் வெச்சுட்டா என்ன வந்துரப் போகுது?” நியாயமான கேள்வி. ஒரு சமன்பாடும் மாறாது என்று ஒத்துக்கொண்டேன். பாடம் நடத்தும்போது நான் அந்தப் பெயரைச் சொல்வதும் இல்லை. ஆனால் மாடியில் நிற்கும்போது நான் ஒன்றைப் பார்க்கவில்லை, ஒன்றின் சந்நிதியில் நிற்கிறேன். என்னால் வேறு மாதிரி நிற்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

தத்துவஞானி ஸ்பினோசாவுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்போது, 1656-இல், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் அவரை விலக்கிவைத்தது. அப்புறம் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். கடவுள் என்றாலும் இயற்கை என்றாலும் ஒன்றே என்று எழுதியவர் கையிலிருந்துதான் தொலைநோக்கிக்கும் நுண்ணோக்கிக்கும் வில்லைகள் போயின. கடவுளை நம்புகிறீர்களா என்று 1929-இல் ஒரு யூத மதகுரு தந்தியில் கேட்டபோது, ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்று ஐன்ஸ்டீன் பதில் கொடுத்தார். உள்ளவற்றின் ஒழுங்கிசைவில் வெளிப்படுகிற கடவுள், மனிதர்களின் தலைவிதியில் தலையிடாத கடவுள்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. போன வருடம் அம்மாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது நான் வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டேன். ஒழுங்கிசைவிடம் இல்லை, கேட்கிற ஒருவரிடம். அது பொய்யாக இல்லை. இறைவன் உலகத்தோடு ஒன்றாய், வேறாய், உடனாய் இருக்கிறான் என்று சைவ சித்தாந்தம் மூன்றாகச் சொல்கிறது. என் படிப்பு என்னை ‘ஒன்றாய்’ வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அம்மா ‘உடனாய்’ என்பதில் எழுபது வருடமாகக் குடியிருக்கிறாள். அந்த வராந்தாவில் நானும் அங்கேதான் இருந்தேன்.

2020 பிப்ரவரி 16, ஞாயிறு

சிலியில் இருக்கிற ஐரோப்பியத் தொலைநோக்கி எடுத்த படம் வெள்ளிக்கிழமை வெளியானது. போன வருட ஜனவரியில் உருண்டையாக இருந்த திருவாதிரை, டிசம்பரில் எடுத்த படத்தில் கீழ்ப்பாதி இருண்டு கிடக்கிறது. வழக்கமான ஒளியில் ஏறக்குறைய 36 சதவீதம்தான் இப்போது. அம்மாவிடம் போனில் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

2020 ஏப்ரல் 12, ஞாயிறு

ஊரடங்கு. கோயில் நடை சாத்தியிருக்கிறது. அம்மா சாயங்காலம் மாடிக்கு வந்து மேற்கே பார்த்து விளக்கு காட்டுகிறாள். திருவாதிரை தேறிவிட்டது, ரோகிணியைத் தாண்டியாகிவிட்டது.

2021 ஜூன் 18, வெள்ளி

ஒன்றரை வருடம் கழித்து விடை வந்திருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை புதன்கிழமை வெளியானது. திருவாதிரை தன் உடம்பிலிருந்து பெரிய வாயுக் குமிழ் ஒன்றை வெளியே தள்ளியிருந்தது. பின்னால் அதன் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்தபோது, அந்த வாயு உறைந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றது. நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இப்படி நட்சத்திரங்கள் உதறிய தூசி சேர்ந்துதான் பூமி மாதிரி கிரகங்கள் உண்டாகின்றன.

பின்கட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த ஓட்டை இன்னும் மாற்றவில்லை, வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“தூசியா?” என்று கேட்டாள். காம்பைக் கிள்ளியபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

“அப்ப அன்னிக்குத் திரைதான் போட்டிருந்திருக்கு.”

இப்போது திருவாதிரை சூரியன் பக்கம் போய்விட்டது, ராத்திரியில் பார்க்க வழியில்லை. மார்கழிக்கு வந்துவிடுமா என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன்.