மூன்று முறை சிமிட்டிய எல்இடி

பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் செய்யும் சின்ன ரோபோ வண்டிகளைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. அதில் ஒரு வண்டி இரண்டு நாள் என்னை விடவில்லை. தரையில் வைத்தால் ஒரு விரற்கடை நகரும், நிற்கும், போர்டிலுள்ள எல்இடி மூன்று முறை சிமிட்டும், மறுபடி ஒரு விரற்கடை. கையில் தூக்கிப் பிடித்தாலோ சக்கரம் அருமையாகச் சுற்றும்.

அந்த மூன்று சிமிட்டலை நிரலின் தொடக்கத்தில்தான் எழுதியிருந்தோம். அதாவது வண்டியின் மூளையான ஆர்டுவினோ போர்டு ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆகி, நிரலை முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தது. நான் நிரலையே வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நேத்து ஓடுச்சு சார்" என்று அந்த மாணவர் சொன்னபோது கவனித்திருக்க வேண்டும். நேற்று பேட்டரி புதுசு.

மோட்டார் கிளம்பும்போது பேட்டரியின் வோல்டேஜ் சரிவதை மல்டிமீட்டர் காட்டவில்லை. அது நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். இந்தச் சரிவு சில மில்லிநொடிகளில் முடிந்துவிடும். வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்த பிறகுதான் கோடு பள்ளத்தில் விழுந்து எழுவது தெரிந்தது.

நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் அதற்கு எதிர் மின்னழுத்தம், அதாவது சுற்றும்போது அதிலேயே உண்டாகி கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்னழுத்தம், கிடையாது. சக்கரம் சிக்கிக்கொண்டால் எவ்வளவு கரண்ட் இழுக்குமோ, கிளம்பும்போதும் அவ்வளவு இழுக்கும். தரையில் வண்டியின் எடையும் சேர்வதால் அந்த நேரம் நீளும். புது ஏஏ அல்கலைன் செல் ஒன்றுக்கு உள்மின்தடை சுமார் 0.15 ஓம், நான்கு செல்லுக்கு 0.6. இரண்டு மோட்டாரும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுத்தால் பேட்டரிக்குள்ளேயே 0.9 வோல்ட் போய்விடும். பழைய செல்லென்றால் இன்னும் மோசம். 6 வோல்ட்டை போர்டின் விஐஎன் (VIN) என்ற பின்னில் கொடுத்திருந்ததால், வோல்டேஜை 5-க்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைத் தாண்டி சிப்புக்குக் கிடைத்ததே நாலரைக்கும் கீழேதான்.

இதில் எனக்குக் கவலை தருவது ரீசெட் அல்ல. ஆர்டுவினோ யூனோ போர்டில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் சிப் தானாக ரீசெட் ஆகும். ஆனால் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட அதற்கு 3.8 வோல்ட்டாவது வேண்டும். இடைப்பட்ட பகுதியில் சிப் நிற்காது, ஆனால் சரியாக ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. அங்கே வரும் கோளாறுகளை எந்த நிரலிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பலர் உடனே இரண்டாவது பேட்டரி போடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ் பக்கம்) இணைக்க மறந்தால், சிக்னலைப் பார்த்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மோட்டார் டிரைவருக்கு அந்தச் சிக்னல் புரியாது, மோட்டார் தாறுமாறாகத் துடிக்கும். என் அனுபவத்தில் ஒரே பேட்டரியே போதும், வயரைத்தான் பங்குபோடக் கூடாது. அந்த வண்டியில் மோட்டாரின் கிரவுண்ட் வயர்களைச் செருகும் பிரெட்போர்டு வழியாக, கன்ட்ரோலரின் (ஆர்டுவினோவின்) கிரவுண்டோடு ஒரே மெல்லிய ஜம்பர் வயரில் திரும்பிக்கொண்டிருந்தது. வயரும் தொடர்புகளும் சேர்ந்து 0.2 ஓம் என்றாலும் அந்த 1.5 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் அங்கே போகும்.

சரி, பிரித்தோம். பேட்டரி முனையிலிருந்தே டிரைவருக்குத் தடித்த ஜோடி வயர், கன்ட்ரோலருக்குத் தனி ஜோடி. ஏஏ செல்களை எடுத்துவிட்டு இரண்டு லித்தியம் செல்களைத் தொடராக வைத்தோம், 7.4 வோல்ட். எல்298 என்ற எங்கள் மோட்டார் டிரைவரே இரண்டு வோல்ட்டைத் தின்றுவிடுவதால் 6 வோல்ட் மோட்டாருக்கு அது அதிகமில்லை. கன்ட்ரோலர் பக்கம் ஒரு ஷாட்கி டையோடு, அதன்பின் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். பேட்டரி சரியும்போது கெபாசிட்டரிலுள்ள மின்சாரம் மோட்டார் பக்கம் திரும்பி ஓடாமல் டையோடு தடுக்கும். கன்ட்ரோலர் 50 மில்லிஆம்பியர் எடுத்தாலும் 10 மில்லிநொடியில் அரை வோல்ட்தான் குறையும். மோட்டார் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றைச் சால்டர் வைத்தோம், மோட்டாருக்குள் உரசும் பிரஷ் கிளப்பும் மின் இரைச்சலைக் குறைக்க. அப்புறம் நிரலில் வேகத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் கால் நொடியில் ஏற்றினோம்.

ஸ்கோப்பில் இரண்டு கோடுகளையும் வைத்து அந்த மாணவரையே சுவிட்ச் போடச் சொன்னேன். பேட்டரிக் கோடு கொஞ்சம் குழிந்தது. கீழே கன்ட்ரோலரின் 5 வோல்ட் கோடு அப்படியே நின்றது. எல்இடி மூன்று முறை சிமிட்டியது, வண்டி மேசையின் விளிம்பு வரை ஓடியது, அவர் ஓடிப்போய்ப் பிடித்தார்.