அப்பாவுக்கு எதுக்கு டை?

தந்தையர் தினத்தைக் கேட்டு வாங்கியது ஒரு மகள். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்பவர். அம்மா இறந்தபின் ஆறு பிள்ளைகளையும் தனியாக வளர்த்த அப்பாவுக்காக. அங்கே முதல் கொண்டாட்டம் 1910 ஜூன் 19. அப்பா இருப்பவர்களுக்குச் சிவப்பு ரோஜா, இல்லாதவர்களுக்கு வெள்ளை ரோஜா. சட்டமானது 1972-இல்தான். இடையில் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் நியூயார்க்கின் ஆண்கள் உடை வியாபாரிகள். டை பரிசாகப் பரவியது சும்மாவா!

சரி, பாளையங்கோட்டை வெயிலில் டையை வைத்து என்ன செய்ய? நான் பத்தமடைக் கோரைப்பாய் ஒன்று வாங்கினேன். அப்பா விரித்தார், ஓரப் பின்னலைத் தடவினார், மடக்கிப் பார்த்தார். "ஏலே, எவ்வளவு குடுத்த?" என்றார். பாதி விலைதான் சொன்னேன்.

"அதுவே அதிகம்லா!"