காய் பிடிக்கட்டும், அப்புறம் பெயர் சொல்கிறேன்

மார்ச் பிறந்தால் போதும், கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் போய்வந்த நண்பர்கள் ஊதாப் பூப் படங்களை அனுப்பி, “இது அந்த அபூர்வச் செடிதானே?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். பூவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காய் பிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அவர்கள் கேட்பது அஸ்ட்ரகாலஸ் லென்டிஜினோசஸ் என்ற செடியின் கோச்செல்லே என்ற வகையை. அவரை, உளுந்து, கொழுஞ்சி எல்லாம் இருக்கும் அதே குடும்பம். இனமாகப் பார்த்தால் லென்டிஜினோசஸ் அபூர்வமில்லை, அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுக்கக் காட்டுச் செடியாகத் தானாக முளைக்கிறது. இந்த ஒரே இனத்துக்குள் ஏறக்குறைய 40 வகைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிப்பில் பெரும்பங்கு ரூபர்ட் பார்னபியுடையது. பிரிட்டனில் பிறந்தவர், தாவரவியலைத் தானாகவே கற்றுக்கொண்டவர். நியூயார்க் தாவரவியல் பூங்காவோடு சேர்ந்து உழைத்து, வட அமெரிக்க அஸ்ட்ரகாலஸ்களைப் பற்றி 1964-இல் இரண்டு பாகப் பெருநூல் கொண்டுவந்தார். இன்றும் இந்தச் செடியோடு மல்லுக்கட்டுகிற யாரும் அவரிடம் போகாமல் இருக்க முடியாது.

முதலில் இனத்தை உறுதி செய்ய வேண்டும். அதற்குக் காயின் உள்ளே பார்க்க வேண்டும். மொஹாவி பாலைவனத்தில் தாராளமாகக் கிடைக்கும் ஒரு வகையின் காய், செடியடியில் உதிர்ந்து கிடந்ததைக் குறுக்கே வெட்டி லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு விளிம்பிலிருந்து மெல்லிய சவ்வு ஒன்று உள்ளே வளர்ந்து, எதிர் விளிம்பு வரை போய், காயை நீளவாக்கில் இரண்டு அறையாகப் பிரித்திருந்தது. நுனியில் தட்டையான முக்கோண மூக்கு. அந்த மூக்குக்குள் மட்டும் தடுப்பு இல்லை. இந்த இரட்டை அறையும் மூக்கும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்து மணலில் வளரும் அஸ்ட்ரகாலஸ் அரிடஸும் வெள்ளி போர்த்தியது போலத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு பருவச் செடி, பூ பொடிசு, காய் ஒற்றை அறை. சால்டன் ஏரிப் பக்கம் வளரும் அஸ்ட்ரகாலஸ் குரோட்டலேரியேவின் காயும் ஊதித்தான் இருக்கும், அதுவும் ஒற்றை அறைதான்.

காய்ந்த நெற்றை ஆட்டினால் நம்மூர்க் கிலுகிலுப்பை மாதிரியே விதைகள் சலசலக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, “ஏம்மா, இதைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தே? நம்ம வாய்க்கால் கரையெல்லாம் இதுதானே” என்றார். செடி வேறு என்றாலும் குடும்பம் ஒன்று என்பதால் அம்மா சொன்னதில் நியாயம் உண்டு.

சரி, வகைக்கு வருவோம். காயின் செம்புள்ளிகளை நம்ப வேண்டாம். பல வகைகளில் அவை உண்டு, ஒரே வகையிலும் கூடக் குறைய வரும். காய் எவ்வளவு உப்பியிருக்கிறது, தோல் எப்படி, இலையில் ரோமம் எவ்வளவு, செடி நிற்பது எந்த மண், இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃப்ரிமான்டியை வகை என்றால் காய் நன்றாக உப்பி, தோல் காகிதமாய் மெலிந்து வெளிச்சம் ஊடுருவும், இலையில் பச்சை தெரியும். மேற்கு மொஹாவி மணலில் வளரும் வேரியாபிலிஸில் ரோமம் அடர்ந்து இலை சாம்பல் பூத்திருக்கும். ‘மாறுவது’ என்ற பெயருக்கேற்ப அது செடிக்குச் செடி மாறும், அதனால் இதுவா அதுவா என்று சொல்ல முடியாத செடிகளும் கண்ணில் படும். அங்கே அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பொரேகானஸின் காய் நீண்டு, அதிகம் உப்பாமல், மெதுவாகக் குறுகி மூக்கில் முடியும். கோச்செல்லே வகைக்கு இலையெல்லாம் வெண்பட்டு ரோமம், காயோ குண்டாக உப்பியிருக்கும். இலையை மட்டும் பார்த்தால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

இடம் பெரிய சாட்சி. மைகான்ஸ் என்ற பளபளக்கும் வகைக்கு கலிபோர்னியாவின் யுரேகா பள்ளத்தாக்கு மணற்குன்றுகளை விட்டால் வேறு வீடு கிடையாது. பிஷப் ஊருக்கு வடக்கே ஃபிஷ் ஸ்லூ என்ற ஈரநிலம் இருக்கிறது. பாலைவனத்துக்கு நடுவே ஊற்றுநீர் கசியும் உவர்ப் புல்வெளி. அங்கே பிசினென்சிஸ் வகை தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறது. மணலுக்குப் பழகிய இத்தனை வகைகளுக்கு நடுவே இது எப்படி ஈரத்தைப் பிடித்துக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பிரமிப்புத்தான்.

‘வகைதானே, இதில் என்ன வந்தது’ என்று கேட்பவர்களுக்கு: 1998-இல் அமெரிக்க அரசு கோச்செல்லேயை அழியும் ஆபத்தில் உள்ளது என்றும், பிசினென்சிஸை அந்த ஆபத்தை நெருங்குவது என்றும் பட்டியலில் சேர்த்தது. ஃப்ரிமான்டியைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாம் ஸ்பிரிங்ஸ் இருக்கும் கோச்செல்லா பள்ளத்தாக்கில் காற்று அள்ளிவரும் மணல்தான் கோச்செல்லே வகைக்கு வாழ்வு. அந்த மணல் வரும் வழியில் வீடுகளும் சாலைகளும் எழுந்துவிட்டன. மிச்சமிருக்கும் மணலில் சஹாரா கடுகு புகுந்து மூடுகிறது. இந்த நிலையில் ஒரு மனையைப் பார்வையிட வருபவர் செடிக்கு எந்தப் பெயரை எழுதுகிறார் என்பது சின்ன விஷயமே இல்லை.

ஆகவே படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூவோடு நிறுத்தாமல் இலையின் அடிப்பக்கம், தண்டு, செடி நிற்கும் மண் எல்லாவற்றையும் எடுங்கள். முடிந்தால் ஏப்ரலில் அதே செடியிடம் திரும்பப் போய்க் காயைப் பக்கவாட்டில் எடுங்கள், ஓரத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. கோச்செல்லா மணலில் கீழே கிடக்கும் காயைக்கூடத் தொட வேண்டாம். காற்று அதை உருட்டிக்கொண்டு போனால்தான் அதற்குள் இருக்கும் விதை வேறோர் இடம் சேரும்.