டகோமாவை மாற்றலாமா, வேண்டாமா?

என் டொயோட்டா டகோமா பிக்கப் ட்ரக்கின் வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், 5-இல் தொடங்கும். அமெரிக்காவில் செய்த வண்டி என்று அர்த்தம். எங்கே செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். நான் குடியிருக்கும் இதே கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய நும்மி ஆலையில். 2010 ஏப்ரலில் அந்த ஆலையை மூடினார்கள். பிறகு டெஸ்லா வாங்கியது. ஆக, என் 2009 மாடல் ட்ரக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பளபளக்கும் மாடல் ஒய்யும் ஒரே கூரைக்குக் கீழே பிறந்தவை. இதை அவரிடம் சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பார்.

இப்போது வரும் டகோமாக்கள் மெக்சிகோவிலிருந்து வருகின்றன, வின் நம்பர் 3-இல் தொடங்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பணக் கணக்கில் அது ஒரு இடத்தில் வந்து இடிக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பழைய வண்டி மக்கர் செய்யவில்லை. மாற்றும் ஆசை வந்ததற்குக் காரணம் புது மாடல்தான். 2016 மாடலாக மூன்றாம் தலைமுறை வந்தபோது ஓட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன். 3.5 லிட்டர் வி6, 278 குதிரைத்திறன் என்று காகிதத்தில் போட்டிருந்தார்கள். ஏற்றத்தில் மிதித்தால் எந்த கியரில் போவது என்று அதற்கே தெரியவில்லை. சீட்டும் பழையபடி தரையோடு தரையாக. ஆசை முளைக்கவே இல்லை. 2023 மே மாதம் நான்காம் தலைமுறையை அறிவித்தார்கள், 2024 மாடலாகக் கடைக்கு வந்தது. இது வேறு. அடிச்சட்டம், இன்ஜின், பின் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்கப் போனபோது மனைவியும் மாமனாரும் கூட வந்தார்கள். மாமா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர். ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். இங்கே அவருக்குப் பொழுது போகும் இடம் ஹைவே ஓரம்தான். பதினெட்டுச் சக்கர வண்டிகளைப் பார்த்து ஆக்சில் எண்ணிக்கொண்டிருப்பார். டீலர் கடையில் விற்பனைப் பையன் 14 அங்குலத் திரையை விளக்கிக்கொண்டிருக்க, மாமா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

“பட்டை எங்கீங்க மாப்ளே?”

பட்டை என்று அவர் கேட்டது லீஃப் ஸ்பிரிங்கை. பின்பக்கம் அது இல்லை. எஸ்ஆர் போன்ற அடிமட்ட வகைகளைத் தவிர்த்துப் பெரும்பாலானவற்றுக்கு இப்போது காயில் ஸ்பிரிங்தான், சுருளாக இருக்கும். சொகுசாகப் போகும் என்று விளக்கினேன். அடுத்த கேள்வி வந்தது: “எத்தனை டன்னுங்க ஏத்தலாம்?”

இந்த மாடலில் அதிகபட்சமே 1,705 பவுண்டுதான், அதுவும் எல்லா வகைக்கும் கிடையாது. முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் மேலே. மாமா நிமிர்ந்து வண்டியை முன்னும் பின்னும் ஒருமுறை பார்த்தார். “முக்கால் டன்னுக்கா இவ்வளவு பெரிய வண்டி? நம்மூரு குட்டி யானையே அதைத் தூக்குமுங்களே.”

அவர் சொன்னது தப்பில்லை. 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ் ஏற்றியதும் முக்கால் டன்தான். இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். இங்கே நிற்பது 278. நடுவில் உள்ள 262 குதிரைகளும் எதற்கு என்று கேட்டால், மணிக்கு எழுபது மைலில் ஏசி போட்டுக்கொண்டு, ஐந்து பேர் உட்கார்ந்து, டாஹோ மலை ஏற என்றுதான் சொல்ல முடியும். அதை மாமாவிடம் சொல்லவில்லை.

சரி, ஓட்டினேன். முதல் விஷயம் சீட். பழைய வண்டியில் உட்காருவது என்றால் காலை முன்னால் நீட்டி, குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும், உயரத்தை மாற்றும் வசதியும் இல்லை. மனைவி ஐந்தடி. பழையதை ஓட்டும்போது ஒரு தலையணையை மடித்துப் போட்டுக்கொள்வாள். புதியதில் சீட்டை உயர்த்தி உட்கார்ந்ததும் “பானெட் தெரியுது!” என்றாள். எனக்கு அங்கேயே பாதி விலை வசூலாகிவிட்டது.

இரண்டாவது, இழுவை. என் 4.0 வி6-க்கு 266 பவுண்டு-அடி டார்க், அதுவும் 4,000 சுற்றில்தான் முழுசாக வரும். மலையில் அது உறுமிக்கொண்டுதான் ஏறும். புது 2.4 டர்போ 317 தருகிறது, அதுவும் 1,700 சுற்றிலேயே. சிக்னலில் மெல்ல மிதித்தாலே வண்டி நகர்ந்துவிடுகிறது, சத்தமே இல்லை. ஹைப்ரிட் எடுத்தால் 326 குதிரைத்திறன், 465 பவுண்டு-அடி. அதையும் ஓட்டினேன். பிரீவேயில் நுழையும் சரிவில் மிதித்தபோது பின்சீட்டில் மாமா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது, டெயில்கேட் என்கிற பின்கதவு. சில வகைகளில் பட்டனை அழுத்தினால் தானே திறக்கிறது. மூடும்போது இரண்டு கையிலும் சாமான் இருந்தால் முட்டியால் ஒரு தள்ளு, மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. பொங்கல் விழாவுக்கு அண்டாக்களை ஏற்றி இறக்கியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் ஹைப்ரிட்டில் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது எனக்கு உற்சாகம் குறைந்தது. அங்கே பேட்டரி இருக்கிறது. என் வண்டியில் அந்த இடத்தில்தான் ஜாக்கி, கயிறு, ராட்செட் பட்டை, ஸ்னோ செயின், மழைக்கோட்டு, ஒரு பழைய போர்வை எல்லாம் கிடக்கின்றன. வேறெங்கே வைப்பது? பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பெட்டில் போட்டால் இரவோடு இரவாகக் காணாமல் போகும். அப்புறம் பெட்ரோல் டேங்க். என்னுடையதில் 21.1 கேலன் பிடிக்கும், புதியதில் 18.2. மைலேஜ் கூடியிருப்பதால் தூரம் ஒன்றும் குறையாது என்று கணக்குச் சொல்லலாம், உண்மைதான். ஆனாலும் ஊரே இல்லாத நெவாடா பக்கம் போகிறவனுக்கு அந்த மூன்று கேலன் கண்ணில் உறுத்தும்.

பெட்டில் பெரிய மாற்றம் இல்லை. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை பழையதிலும் சக்கர மேடுகளுக்கு நடுவில் இறங்காது, புதியதிலும் இறங்காது. இத்தனை வருஷமாக அலசி ஆராய்ந்து புதிதாக வரைந்தவர்களுக்கு நான்கு அடி என்பது ஏன் தெரியவில்லையோ!

பணத்துக்கு வருவோம். ஆரம்ப விலை 31,500 டாலர் என்று 2024-இல் விளம்பரம் வந்தது. அது இரண்டு வீல் டிரைவ், அடிமட்ட எஸ்ஆர். நாலு கதவு, நாலு வீல் டிரைவ், கொஞ்சம் மலையேற்றச் சாமான் என்று சேர்த்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடும். டிஆர்டி ப்ரோ என்ற விலை கூடிய வகை அந்த வருஷம் 63,900-இல் ஆரம்பம். அதில் முன்சீட்டுக்கே தனி ஷாக் அப்சார்பர் வைத்திருக்கிறார்கள். அந்த சீட்டின் முதுகு பருமனால் பின்னால் உட்காருகிறவரின் முழங்காலுக்கு இடமில்லை. அறுபத்து நாலாயிரம் கொடுத்துப் பிள்ளையைக் காலை மடக்கி உட்காரச் சொல்வதா?

மேலே ஃப்ரீமான்ட் விற்பனை வரி பத்து சதவீதத்துக்கு மேல். ஒவ்வொரு வருஷமும் ரெஜிஸ்ட்ரேஷனில் வண்டி மதிப்பில் 0.65 சதவீதம். கலிஃபோர்னியாவில் பிக்கப் என்றாலே கமர்ஷியல் நம்பர் பிளேட்தான், அதற்கு எடைக் கட்டணம் தனி. இந்தப் பக்கம் என் கிழட்டு வண்டிக்கு மதிப்பே தேய்ந்துவிட்டதால் அந்த ரசீதைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. கடன் வட்டிக்கு 2025-இல் கொண்டுவந்த வருமான வரிச் சலுகை இருக்கிறதே என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். அது அமெரிக்காவில் பூட்டிய புது வண்டிகளுக்கு மட்டும். வின் நம்பர் 3-இல் தொடங்கினால் கிடையாது. முன்னால் சொன்ன இடி இதுதான்.

எரிபொருளில் மிச்சமாகுமே என்று ஹைப்ரிட் பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். என் வண்டி கேலனுக்கு 17 மைல் தருகிறது. ஹைப்ரிட்டுக்கு அரசு மதிப்பீடு 23. வருஷம் பத்தாயிரம் மைல், கேலன் 4.80 டாலர் என்று வைத்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 735 டாலர் மிச்சம். புது வண்டியின் விற்பனை வரியை மட்டும் இதில் ஈடுகட்ட ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். வண்டி விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்ஜின் விஷயத்தில் நான் கொஞ்சம் பழைய ஆள். 1ஜிஆர் என்ற அந்த 4.0 வி6-இல் டர்போ இல்லை, நேரடி இன்ஜெக்‌ஷன் இல்லை, டைமிங் பெல்ட் மாற்றும் வேலை இல்லை, சங்கிலிதான். ஆயில் ஃபில்டர் இன்ஜினின் மேல்புறம் தலைகீழாக உட்கார்ந்திருக்கும். பானெட்டைத் திறந்து நின்றபடியே கழற்றலாம். கீழே ஒரு சின்னத் தட்டு, அதிலிருந்து ஒரு குழாய். வழிகிற ஆயிலைப் பிடிக்கவென்றே வைத்தது. அப்படியும் நாலு சொட்டு வழியும், அதற்கு ஒரு பழைய பனியன். இந்த வேலையை இன்னொருவரிடம் கொடுக்க எனக்கு மனசே வராது.

டர்போ என்றால் கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதே டொயோட்டா, தன் பெரிய பிக்கப்பான டண்ட்ராவில் வி8-ஐ எடுத்துவிட்டு டர்போ வி6 போட்டது. 2024 மே மாதம் சுமார் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கடைசலில் வந்த உலோகத் துணுக்குகள் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டனவாம். டகோமாவில் இருப்பது வேறு இன்ஜின், நாலு சிலிண்டர். இருந்தாலும் புது வடிவம் வந்த முதல் ஒன்றிரண்டு வருஷத்து வண்டியை நான் எடுக்க மாட்டேன். சோதனையை மற்றவர்கள் காசில் நடத்தட்டும்.

மனைவியின் வாதம் ஒன்றுதான், ஆனால் கனமானது. பாதுகாப்பு. பையனுக்குப் பதினைந்தரை வயது நெருங்குகிறது, வண்டி பழகும் பெர்மிட் எடுக்கலாம். புது டகோமாவில் தானே பிரேக் போடுவது, லேன் தாண்டினால் எச்சரிப்பது எல்லாம் எந்த வகை எடுத்தாலும் உண்டு. என்னுடையதில் பின்பக்கக் கேமரா கூட இல்லை. 2009-இல் எல்லா டகோமாவுக்கும் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் பக்கவாட்டு ஏர்பேக்கும் கொடுத்துவிட்டார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். “அது பதினாறு வருஷத்து ஏர்பேக்” என்றாள். பதில் இல்லை.

இங்கே நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் ட்ரக் என்னுடையது மட்டும் இல்லை. லிவர்மோர் கோயிலுக்கு அரிசி மூட்டை, நண்பர் வீடு மாறினால் சோபா, யாராவது தோட்டம் போட்டால் மண், எல்லாவற்றுக்கும் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது டேங்க் நிரம்பியிருக்கும், பெட்டில் புதிதாக ஒரு கீறல் இருக்கும். எனக்குக் கவலை இல்லை. ஐம்பதாயிரம் டாலர் வண்டியை இப்படிக் கொடுப்பேனா? கொடுக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். “இன்ஷூரன்ஸ்ல பிரச்சினை வரும் பாஸ்” என்று ஏதாவது சாக்கு சொல்வேன். முதல் கீறல் விழுகிற வரைக்கும் நானே மண் ஏற்ற யோசிப்பேன். டிரெய்லர் இழுப்பவர்கள், தினமும் ஐம்பது மைல் ட்ரக்கிலேயே ஆபீஸ் போகிறவர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புதியதை எடுக்கலாம், அவ்வளவு நல்ல வண்டி. நான் வாரக்கடைசிக்காரன்.

ஆக, இப்போதைக்கு மாற்றவில்லை. சும்மா விட்டுவிடவும் இல்லை, வீட்டில் ஒப்பந்தம் போட்டாயிற்று. பையன் ட்ரக்கில் பழக மாட்டான். தானே பிரேக் போடும் வசதி உள்ள மனைவியின் காரில்தான் பழகுவான். ட்ரக்குக்குப் பின் கேமராவோடு ஒரு திரை, நாலு ஷாக், பின் லீஃப் ஸ்பிரிங் புதுசு. சீட்டுக்கு அடியில் வைத்து உயர்த்த இரும்புக் கட்டைகள் விற்கிறார்கள், அதை என் செலவில் போட்டுத்தர வேண்டும். இரண்டு மூன்று வருஷத்தில் இந்த 2.4 டர்போக்கள் லட்சம் மைல் ஓடியிருக்கும். அப்போது சங்கதி தெரிந்துவிடும். எடுத்தால் ஹைப்ரிட் இல்லாத நாலு வீல் டிரைவ், காயில் ஸ்பிரிங் வகை. சீட்டுக்கு அடியில் என் கயிறுக்கு இடம் இருக்க வேண்டும்.

மாமாவுக்கு மட்டும் அந்த வண்டியில் ஒன்று பிடித்துப்போயிற்று. சில வகைகளில் டாஷ்போர்டு மேல் ஒரு ஜேபிஎல் ஸ்பீக்கர் இருக்கிறது, அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். விற்பனைப் பையன் கழற்றிக் கையில் கொடுத்ததும் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது கேட்டார்: “இது மட்டும் தனியாக் குடுப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க மாப்ளே.”