அப்பாவின் மெஷினுக்கு 320 வாட்

எங்கள் ஊரில் கரண்ட் போனதைத் தெரிந்துகொள்ள விளக்கைப் பார்க்க வேண்டியதில்லை. தறிச்சத்தம் நின்றுவிடும். காரணம்பேட்டையிலிருந்து சோமனூர் போகிற வழியில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. நாலு பக்கமும் தறிக்குடோன். ராப்பகலாக அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு, அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

போன வருசம் கத்திரி தொடங்கி இரண்டாம் நாள் ராத்திரி அப்படித்தான் விழித்தேன். மணி பதினொன்றரை. காற்று, இடி, அப்புறம் கொட்டு கொட்டென்று மழை. இன்வெர்ட்டர் ஓடியது, ஃபேன் சுற்றியது, அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷினும் அதன் பாட்டுக்கு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பப் படுத்துவிட்டேன்.

12.40-க்கு மெஷின் கத்தியது. கரண்ட் இல்லாவிட்டால் அடிக்கிற அலாரம் அது. எழுந்து ஓடினால் வீடே இருட்டு. இன்வெர்ட்டர் படுத்துவிட்டது.

அப்பா நாற்பது வருசம் தறி ஓட்டியவர். பஞ்சுத் தூசும் பீடியுமாகச் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. நிமிசத்துக்கு 2 லிட்டர் ஆக்ஸிஜன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, மெஷின் வாங்கி ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. அது அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்ஸிஜனைக் குழாயில் அனுப்பும். கரண்ட் இருக்கும் வரைதான் அந்த வேலை நடக்கும். விரலில் மாட்டி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டரில் எப்போதும் 93 காட்டும். அன்றைக்கு 88, அப்புறம் 85. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் திருப்பூரில் நைட் ஷிஃப்ட்டில் இருந்தார்.

அப்போதுதான் தூரத்தில் ஒரு சத்தம் காதில் விழுந்தது. பக்கத்துக் கோழிப்பண்ணை ஜெனரேட்டர். மூடிய செட்டுக்குள் காற்றாடி நின்றால் கோழிகள் அரைமணி நேரம் தாங்காது என்பதால், பல்லடம் பக்கம் அப்படிப்பட்ட பண்ணையில் ஜெனரேட்டர் இல்லாமல் யாரும் தொழில் நடத்த மாட்டார்கள். கோழிக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று நான் போட்டு வைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

போன் போட்டேன். "பதறாத அம்மிணி, ஒயர எடுத்துக்கிட்டு வாரேன்" என்றார் பண்ணைக்காரப் பெரியப்பா. மழையில் நனைந்தபடி ஒயர் உருளையை உருட்டிக்கொண்டே வந்து, மெஷினுக்கு மட்டும் லைன் கொடுத்தார். இருபத்தைந்து நிமிசம் ஆகியிருக்கும். அப்பாவுக்கு 90 வந்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

தென்னை மரம் விழுந்து மூன்று கம்பம் சாய்ந்திருந்தது. மறுநாள் பொழுதோடதான் கரண்ட் வந்தது.

அந்த மறுநாள் காலையில் நாங்கள் செய்யப் பார்த்த ஒரு காரியத்தையும் எழுதிவிடுகிறேன், வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர், ஜெனரேட்டர் ஒயரின் முனையில் ஒரு பிளக் மாட்டிச் சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டில் சொருகிவிட்டால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடுமே என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. போர்டைப் பார்க்க வந்த ஒயர்மேன் தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அந்தக் கம்பத்து மேல ஆள் ஏறியிருக்காங்கண்ணா."

வீட்டுக்குள் சொருகிய கரண்ட் மெயின் வழியாக வெளியே போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 230 ஆக்குவது போலவே, எதிர்ப்பக்கம் இருந்து 230 வந்தால் அதை 11,000 ஆக்கிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி வேலை செய்கிறவர் உயிர் போய்விடும். ஜெனரேட்டரில் வீட்டை ஓட்ட வேண்டுமென்றால், ஈபி லைனைத் துண்டித்துவிட்டு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டே ஆக வேண்டும். அது இல்லையா, பொருளை நேராக ஜெனரேட்டரில் சொருகுங்கள். நடுவில் வேறு வழி கிடையாது.

அப்புறம் நான் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

எங்கள் இன்வெர்ட்டர் 2012-இல் வாங்கியது. அந்த வருசத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல், தறிகள் எல்லாம் துணி போர்த்திக் கிடந்தன. 1932-இல் பைக்காரா கரண்ட் வந்த பிறகு கோயம்புத்தூர் பக்கம் மில்கள் பெருகிய கதையை அப்பாரு சொல்லக் கேட்டு வளர்ந்த அப்பா, அந்த வருசம் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார். விளக்குக்கும் ஃபேனுக்கும் என்று அப்போது வாங்கிய இன்வெர்ட்டர் அது. பின்னால் மெஷின் வந்தபோது அதையும் அதிலேயே சேர்த்துவிட்டோம். தவறு அங்கேதான்.

மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க மீட்டர் எதுவும் வாங்கவில்லை. ஈபி மீட்டரிலேயே பார்த்துவிடலாம். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள், எங்களுடையதில் 3200. வீட்டில் எல்லாவற்றையும், இன்வெர்ட்டர் சார்ஜ் ஆவதையும் சேர்த்து, நிறுத்திவிட்டு மெஷினை மட்டும் போட்டு எண்ணினேன். நிமிசத்துக்கு 17. மணிக்கு 1020. அதை 3200-ஆல் வகுத்தால் 0.32 யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவது, ஆகவே 320 வாட். 2 லிட்டரில் வைத்தாலும் 5 லிட்டரில் வைத்தாலும் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, உள்ளே இருக்கிற கம்ப்ரஸர் ஒரே மாதிரிதான் ஓடுகிறது.

அன்றைக்கு ராத்திரி ஓடியது இந்த 320, மூன்று ஃபேன் தலா 75, அப்புறம் விளக்கும் வைஃபை பெட்டியும். மொத்தம் 590 வாட் பக்கம். பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் 1800 வாட் ஹவர், மூன்று மணி நேரம் வர வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 150 என்பது மெதுவாக, இருபது மணி நேரத்தில் இழுத்தால் கிடைப்பது. ஐம்பது ஆம்பியருக்கு மேல் உறிஞ்சினால் ஆசிட் பாட்டரி அவ்வளவு கொடுக்காது. இன்வெர்ட்டரும் தன் பங்குக்குத் தின்னும். எங்கள் பாட்டரிக்கு நாலு வயசு, தண்ணீர் ஊற்றியும் மாதக்கணக்கு. ஒரு மணி பத்து நிமிசம் ஓடியதே பெரிது.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாம் என்று முதலில் யோசித்தோம். நட்டநடு ராத்திரி மழையில் அதை வெளியே இழுத்து, பெட்ரோல் ஊற்றி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதை நினைத்தால் எனக்குச் சரிப்படவில்லை. நனைகிறதே என்று திண்ணையிலோ ஜன்னல் அடியிலோ வைத்தால் அதைவிட மோசம். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மூச்சுக்குத் தவிக்கிற மனுசர் இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, கையில் தூக்கிப் போகிற பவர் ஸ்டேஷன் பெட்டி. உள்ளே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பாட்டரி, அதனுடனேயே இன்வெர்ட்டர், பிளக் பாயின்ட் எல்லாம் சேர்ந்தே வரும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சத்தமில்லை, சோலார் பேனலிலும் சார்ஜ் ஏறும். ஆசிட் பாட்டரியைவிடப் பல மடங்கு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். 1000 வாட் ஹவர் பெட்டியில் போக்கெல்லாம் கழித்து 850 கிடைத்தால், மெஷின் இரண்டரை மணி நேரம் ஓடும். கடையில் ப்யூர் சைன் வேவ்தானா, அதாவது ஈபி கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தருமா என்று கேட்டு, மெஷினையே தூக்கிக்கொண்டு போய் மாட்டிப் பார்த்துத்தான் வாங்கினோம். கம்ப்ரஸர் கிளம்பும்போது ஒரு கணம் அதிகமாக இழுக்கும், அதைத் தாங்காத பெட்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஆனால் இரண்டரை மணி நேரம் ஒரு ராத்திரிக்குப் பத்தாதே. விலையைக் கேட்டால் இரண்டாவது பெட்டியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இந்தக் கவலையை டாக்டரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "சிலிண்டர் இருக்கா?"

மெஷின் வந்த பிறகு சிலிண்டர் எதற்கு என்று இருந்துவிட்டோம். பி டைப் சிலிண்டரில் 10 லிட்டர் கொள்ளளவுக்குள் 150 மடங்கு அழுத்தத்தில் அடைத்திருப்பார்கள், கிட்டத்தட்ட 1500 லிட்டர். நிமிசத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிசம், பன்னிரண்டரை மணி நேரம். கரண்டே வேண்டாம். நான் எத்தனை நாள் வாட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்!

இப்போது பெட்டி முதலில், அது பாதி இறங்கும் வரை கரண்ட் வராவிட்டால் சிலிண்டர். பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், முந்தின நாளே எல்லாவற்றையும் சார்ஜ் போட்டுவிடுகிறேன். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு நிறுத்தியிருக்கிறோம். ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்பதால், அப்பா அறையில் ஊதுவத்தி, விளக்கு, கொசுவத்தி எதுவும் கிடையாது. சாமி படம்கூட முன்அறைக்கு மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும், சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜ் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

மீதி எல்லாம் சின்னச் சின்ன விசயம். அப்பா அறைக்கும் எங்கள் அறைக்கும் 30 வாட்டில் சுற்றும் பிஎல்டிசி ஃபேன். வைஃபைக்குக் கையகல யூபிஎஸ். ஹாலில் கரண்ட் போனால் தானாக எரியும் ரீசார்ஜ் பல்பு. பழைய இன்வெர்ட்டர் இவற்றை மட்டும் சுமக்கிறது, புதுப் பாட்டரியில் ராத்திரி முழுக்க நிற்கிறது. எல்லாவற்றையும் ஒரே பாட்டரியில் கட்டாமல், நிற்கவே கூடாததைத் தனியாகப் பிரித்ததுதான் நான் செய்த உருப்படியான வேலை.

சிலிண்டர் திறக்கிற ஸ்பேனரை அதன் கழுத்திலேயே நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். இருட்டில் தேடக் கூடாது பாருங்கள். எட்டாவது படிக்கிற மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று: முதலில் வால்வை மெதுவாகத் திற, அப்புறம் ஃப்ளோ 2, அப்புறம் குழாயை மாற்று. போன மாதம் தறிச்சத்தம் நின்றபோது நான் தோட்டத்தில் இருந்தேன். ஓடி வருவதற்குள் அவள் பெட்டியில் மாட்டி முடித்து, தாத்தா விரலில் ஆக்ஸிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தொண்ணூத்தி மூணும்மா" என்றாள்.